பிணை நிற்கும் கருணை

அர்ரஹ்மான், அர்ரஹீம் என்னும் திருநாமங்களை மொழிந்தே எச்செயலையும் தொடங்கும் சமுதாயம் நாம். அவ்விரு நாமங்களுக்கும் வேராக நிற்பது 'ரஹ்மத்'. தமிழில் அதனைக் கருணை என்கிறோம், அருள் என்கிறோம், இரக்கம் என்கிறோம். ஆயினும் அறபு மொழி அறிந்தோர் ஒன்றனைக் கருதுதல் வேண்டும். அதே வேரினின்றே கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்னும் சொல்லும் பிறந்தது. கருப்பை இரங்குவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பிறிதோர் உயிரைத் தன்னுள் கட்டித் தாங்குகின்றது. மொழியே நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. நம் மேடைகளிலும் ஏடுகளிலும் கருணை என்பது கண்ணீரின் பெயராகவும் புகழுரையின் அணியாகவும் தேய்ந்துவிட்ட இந்நாளில், இப்பாடம் நினைவுகூரத் தக்கது.

அண்மைக் காலத்தில் இச்சொல்லுக்குப் புதியதொரு புழக்கம் வந்துள்ளது. கணிப்பொறித் துறையில் 'கட்டற்ற மென்பொருள்' என்றும் 'திறமூலம்' என்றும் வழங்கும் முறையைக் கருணையின் வடிவம் எனப் போற்றுவோர் பெருகியுள்ளனர். மென்பொருளை ஆக்கியவர் அதன் மூலநிரலை மறைக்காமல் உலகுக்கு அளிக்கின்றாராம். ஆதலின் அவர் வள்ளலாம். மற்றொரு சாரார், இது மேல்நாட்டார் கண்ட வணிக உத்தி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என ஒதுக்குகின்றனர். போற்றுவோரும் ஒதுக்குவோரும் பொருளை ஆராய்ந்தாரல்லர். இரண்டு கூற்றுகளையும் நமக்கு உரியதோர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வுரைகல் சீறாப்புராணத்தில் உள்ளது.

மானும் வேடனும்

உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களும் 5,027 விருத்தப் பாக்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன்கண் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பள்ளிச் சிறாரும் அறிந்தது. வேடனிடம் அகப்பட்ட பெண்மான் ஒன்று, பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப நாயகம் (ஸல்) அவர்களிடம் விடை வேண்டுகின்றது. அண்ணலார் அம்மானுக்குத் தாமே பிணையாக நிற்கின்றார்கள். மான் சென்று, சொன்ன சொல் தவறாது கன்றோடு மீள்கின்றது. கண்ட வேடன் உள்ளம் மாறித் தீனை ஏற்கின்றான்; மானும் விடுதலை பெறுகின்றது.

இப்படலத்தைப் பேசும் நம் நாவலர் பலரும் மானின் கண்ணீரிலேயே நின்றுவிடுகின்றனர். புலவர் சூட்டிய பெயரோ வேறு. 'மானுக்கு இரங்கிய படலம்' என்று அவர் பெயர் சூட்டவில்லை. 'பிணை நின்ற படலம்' என்றே சூட்டினார். பிணை என்பது நம் சட்ட நூல்களில் 'கஃபாலத்'. ஒருவர் கடமையைப் பிறிதொருவர் தம் தலைமேல் ஏற்கும் ஒப்பந்தம் அது.

ஈண்டு மூன்று நுட்பங்கள் உள. முதலாவது, வேடனின் உரிமை மறுக்கப்படவில்லை. மான் அவன் உழைத்துப் பிடித்த பொருள். அதனை அவனிடமிருந்து பறித்து விடுவித்தல் அறமாகாது. இரண்டாவது, அண்ணலார் விலை கொடுத்து மானை வாங்கவும் இல்லை. வாங்கியிருப்பின் அஃது ஒரு மானுக்கான கொடையோடு முடிந்திருக்கும். மூன்றாவது, கருணை ஒரு கட்டுப்பாடாக வடிவெடுத்தது. பிணை நின்றவர் தம்மைக் கட்டிக்கொண்டார்; அதனால் கட்டுண்டது கட்டவிழ்ந்தது. ஒருவர் கட்டுப்படுவதால் மற்றவர் விடுதலை பெறுதல் என்பதே இப்படலத்தின் உயிர்நிலை. இதனை உரைகல்லாகக் கொண்டு மேற்செல்வோம்.

கரையில் கண்டது

2004 திசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் தாக்கிற்று. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் நொடிப்பொழுதில் சிதைந்தன. காரைக்கால் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; தெற்கே நாகையில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். அன்று கருணைக்குப் பஞ்சமில்லை. பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் தேவாலயங்களும் கதவு திறந்தன. வடக்கே பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தினர் மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்ததை நாடே பேசிற்று. சீதக்காதி வள்ளலுக்குப் பின் உமறுப் புலவரை ஆதரித்துக் காப்பியத்தை நிறைவுறச் செய்த அபுல்காசிம் மரைக்காயரின் ஊரும் அதுவே என்பதை எண்ணுங்கால் உள்ளம் நிறைகின்றது.

ஆயினும் அந்நாட்களில் கண்ட பிறிதொரு காட்சியையும் மறைத்தல் ஆகாது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து ஏற்றிவந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையிலும் மண்ணிலும் மக்கின. ஓரிடத்தில் அரிசி மிஞ்சிற்று. வேறிடத்தில் பாயும் பாத்திரமும் இல்லை. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய் முகாம் முகாமாக அலைந்தாள். யார் எங்குள்ளார், எவர்க்கு எது வேண்டும், எது எங்கு மிகுந்துள்ளது என்று ஒரே இடத்தில் பார்த்தறியும் பதிவேடு இல்லை. கருணை பெருகியது, அதனைத் தாங்கும் கலம் இல்லை. கலமற்ற நீர் பள்ளத்தை நோக்கியே ஓடும். தாகத்தை நோக்கி ஓடாது.

இதே துயர் இலங்கையிலும் நேர்ந்தது. அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பில் மென்பொருள் துறையில் பணியாற்றிய இளைஞர்கள் அலை அடித்த சில நாட்களுக்குள் ஒன்றுகூடி, அத்தகைய பதிவேடு ஒன்றைக் கணிப்பொறியில் ஆக்கத் தலைப்பட்டனர். அதற்குச் 'சகானா' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் துயர்தணிப்பு என்பது பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் அமைப்புகளின் பதிவு, தேவையையும் வந்த பொருளையும் ஒட்டிப் பார்க்கும் பதிவு என அது பகுக்கப்பட்டது.

சகானாவின் சிறப்பு அதன் விரைவில் மட்டும் இல்லை. இலங்கை மென்பொருள் நிறுவகம் அதனைச் செம்மைப்படுத்தி, எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவு தரும் உரிமத்தோடு வெளியிட்டது. விளைவு யாது? 2005 அக்டோபர் 8ஆம் நாள் காசுமீரத்தையும் பாகித்தானையும் நிலநடுக்கம் உலுக்கியபோது அப்பதிவேடு அங்கே சென்றது. 2006இல் பிலிப்பைன்சின் மண்சரிவுக்கும் சாவகத்தின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் சென்றது. 2010இல் எயிட்டித் தீவுக்கும் சென்றது. எவரும் கொழும்பாரிடம் விலை பேச வேண்டியிருக்கவில்லை. மூலநிரலைத் தருவீரா என மன்றாட வேண்டியிருக்கவில்லை. சமுதாய நன்மை பயக்கும் ஆக்கத்துக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே அளிக்கப்பட்டது.

நம் உரைகல்லில் இதனைத் தேய்த்துப் பாருங்கள். கொழும்பு இளைஞர்கள் தாங்கள் அறியாத மக்களுக்கு, இனி நேரவிருக்கும் துயர்களுக்கு, முன்கூட்டியே பிணை நின்றனர். அப்பிணையின் பத்திரமே உரிமம்.

உரிமமும் வக்ஃபும்

அவ்வுரிமம் என்பது யாது? ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை வாங்கியவர் அதன் உள்ளமைப்பை அறியவும் திருத்தவும் அண்டை வீட்டாரோடு பகிரவும் இயலாதபடி பூட்டி வைப்பதை அவர் அறக்கேடு எனக் கருதினார். 1985இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வெளியிட்டார். அது நான்கு உரிமைகளை உறுதி செய்கின்றது: எந்நோக்கத்துக்கும் இயக்குதல், உள்ளமைப்பைக் கற்றுத் திருத்துதல், படி எடுத்து வழங்குதல், திருத்தியதையும் வழங்குதல். கூடவே ஒரு கட்டளையும் உண்டு. திருத்தி வெளியிடுபவர் தம் திருத்தத்தையும் அதே உரிமத்தின்கீழ்த் திறந்து வைத்தல் வேண்டும். பொதுவில் பெற்றதைத் தனதாக்கிப் பூட்டுதல் கூடாது.

இதனைப் படிக்கும் மதரசா மாணவர் எவரும் புன்முறுவல் பூப்பர். 'கிதாபுல் வக்ஃபு' என்னும் பாடத்தில் நாம் ஓதுவது இதனையொத்த ஒன்றே. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வதென உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தின் மூலத்தை விற்கவோ வழங்கவோ மரபுரிமையாகப் பிரிக்கவோ இயலாதபடி நிறுத்திவைத்து, அதன் விளைவை மட்டும் மக்களுக்கு அறமாக்கும் வழி காட்டப்பட்டதை நாம் அறிவோம். 'வக்ஃபு' என்னும் அறபுச் சொல்லுக்கே நிறுத்துதல் என்பதுதான் பொருள். உடைமையை நிறுத்திப் பயனை ஓடவிடுதல். பயனை ஓடவிடும்பொருட்டு உடைமையை நிறுத்துதல். பொது உரிமத்தின் உள்ளமைப்பும் இதுவே. ஸ்டால்மன் நம் சட்ட நூல்களைப் படித்து இதனைச் செய்தார் என யான் கூறவில்லை. அறத்தை நிலைபெறச் செய்ய விழையும் அறிவு, எந்நாட்டில் தோன்றினும், கட்டுப்பாட்டின் வாயிலாகவே விடுதலையைக் காணும் என்பதே யான் கூறுவது.

ஒப்புமை இன்னும் ஆழமானது. உடைமை இல்லாதவர் வக்ஃபு செய்ய இயலாது. எழுத்துரிமைச் சட்டம் இல்லையேல் பொது உரிமத்துக்கும் வலிமையில்லை. ஆக்கியவர்க்கு உரிமை இருப்பதனாலேயே அவர் கட்டளை விதிக்க முடிகின்றது. மார்க்க அறிஞருள் சிலர் எழுத்துரிமை என ஒன்று ஷரீஅத்தில் இல்லை என்று கூறி, பிறர் நூலைத் தம் விருப்பம்போல் அச்சிடுவதை நியாயப்படுத்துவதுண்டு. 1988 திசம்பரில் குவைத்தில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, நூலாசிரியரின் உரிமையும் புதுப்பொருள் கண்டவரின் உரிமையும் ஷரீஅத்தால் காக்கப்படுபவை என முடிவு செய்துள்ளது. ஆகவே திருட்டுப் பதிப்பைக் கருணையெனல் பிழை. வேடனின் உரிமையைப் பறித்து மானை விடுவித்தல் போன்றது அது. உரிமையுடையவர் தாமே மனமுவந்து நிறுத்திவைப்பதே அறம்.

நம் தமிழகத்துக்கும் இஃது அயலானதன்று. பாரதியாரின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிற்று. அதன்பின் எழுத்தாளர் பலரின் ஆக்கங்களை, அவர்தம் மரபினர்க்குத் தொகை அளித்து, அரசு நாட்டுடைமையாக்கி வருகின்றது. அரசு செய்யும்போது நாட்டுடைமை. ஆக்கியவர் தாமே செய்யும்போது பொது உரிமம். இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. நாட்டுடைமையான நூலை எவரும் அச்சிட்டுத் தம் பதிப்புக்குப் புதுப்பூட்டு இடலாம். பொது உரிமமோ பின்வரும் பூட்டையும் தடுக்கின்றது. வக்ஃபுக்கு அணிமையில் நிற்பது பின்னதே.

அதிராம்பட்டினத்து உமர்

இனி நம்மவர் ஒருவரைப் பற்றிக் கூறுவோம். கடற்கரை வழியே தெற்கே செல்வோர்க்கு அதிராம்பட்டினம் தெரியாத ஊரன்று. அவ்வூரில் 1953இல் பிறந்து 2006 சூலையில் மறைந்தவர் உமர் தம்பி. துபாயில் பணியாற்றியவர், கணிப்பொறிக் கலையைப் பெரிதும் தம் முயற்சியால் கற்றவர்.

அவர் ஆற்றிய பணியை உணரவேண்டுமாயின் அன்றைய இடர்ப்பாட்டை அறிதல் வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் இருந்தது; ஆனால் ஒரு தமிழாக இல்லை. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியேற்ற முறையையும் வைத்திருந்தது. அவ்வெழுத்துரு உம் கணிப்பொறியில் இல்லையேல் திரையில் தோன்றுவது தமிழன்று. பொருளற்ற குறிகளின் குவியல். உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் வகுத்த ஒருங்குறி முறை வந்த பின்னும், பழைய கணிப்பொறிகள் அதனைக் காட்டும் ஆற்றலற்றிருந்தன. வளைகுடாவில் பணி முடித்து ஊர்ச்செய்தி படிக்க வாடகை நிலையத்தில் அமரும் தொழிலாளிக்கு, அங்கே எழுத்துருவை நிறுவும் உரிமையும் இல்லை.

உமர் தம்பி 'தேனீ' முதலிய ஒருங்குறி எழுத்துருக்களை ஆக்கி விலையின்றி வழங்கினார். பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் உடன்வந்து திரையில் தமிழைக் காட்டும் 'இயங்கு எழுத்துரு' முறையைத் தமிழ் வலைப்பக்கங்களில் பரப்பினார். பழைய குறியேற்றத்தில் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளையும் அளித்தார். கற்றோர் மட்டும் படித்த திரையைக் கூலித் தொழிலாளியும் படிக்கச் செய்த பணி இது. 2010இல் கோவையில் நிகழ்ந்த செம்மொழி மாநாட்டின்போது அரங்கொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நம் இதழ்கள் அவரை இருபதாம் நூற்றாண்டுச் சீதக்காதி என்றெல்லாம் புகழலாம்; தகும். ஆயினும் திறனாய்வாளன் புகழோடு நின்றுவிடல் ஆகாது. விலையின்றி வழங்குதல் ஒன்று. நிலைபெறச் செய்தல் மற்றொன்று. முன்னது இனாம், பின்னது வக்ஃபு. இயங்கு எழுத்துருவின் அந்த வடிவம் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் உலாவியில் மட்டுமே இயங்கிற்று. அவ்வுலாவியின் காலம் முடிந்ததும் அவ்வடிவின் காலமும் முடிந்தது. பிறர் நிலத்தில் தோண்டிய கிணறு அது. அன்று தாகம் தீர்த்தது. நிலத்துக்குடையவர் வேலியை மாற்றியதும் வழி அடைபட்டது. இக்குறை உமர் தம்பியின் குறையன்று. அன்று கண்ணெதிரே இருந்த தாகத்துக்கு அன்றிருந்த நிலத்தில் அவர் தோண்டினார். தோண்டாது வாதிட்டுக் கொண்டிருந்தவரினும் அவர் ஆயிரம் மடங்கு உயர்ந்தவர். ஆயினும் அவர்பின் வருவோர்க்கு இதில் பாடம் உண்டு. எழுத்துருக்களுக்கெனவே 2005இல் திறந்த உரிமம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன்கீழ் வெளிவரும் எழுத்துருவை எவரும் திருத்தலாம், பகிரலாம். அதனை மட்டும் தனித்து விற்றலும், திருத்தியதை வேறு உரிமத்தில் பூட்டுதலும் கூடா. இன்று கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் பரவலாகக் காணும் 'நோட்டோ' தமிழ் எழுத்துருக்கள் அவ்வுரிமத்தின்கீழ் உள்ளவை. ஆக்கியவர் மறைந்தாலும், உலாவி மாறினாலும், அடுத்தவர் எடுத்துச் செப்பனிட வழி திறந்தே இருக்கும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் வழக்கு உண்மையாவது இங்கேதான்.

எழக்கூடிய தடைகள்

இதுகாறும் கூறியவற்றுக்குத் தடை எழுப்புவோர் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு.

திறந்த நிரலைத் தீயவரும் பயன்படுத்துவரே என்பது முதல் தடை. ஆம். எந்நோக்கத்துக்கும் இயக்கலாம் என்னும் உரிமை உளவு பார்ப்போனுக்கும் உண்டு, பெருவணிகர்க்கும் உண்டு. 1998இல் 'திறமூலம்' என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டதே அறம் பேசும் பேச்சைக் குறைத்து வணிகர்க்கு உவப்பாக்கும் நோக்கோடுதான். ஆகவே திறந்திருத்தல் தன்னளவில் கருணையாகிவிடாது. தொழுகையின் அசைவுகள் நிய்யத்தின்றித் தொழுகையாகாமைபோல, உரிமத்தின் வாசகமும் நோக்கமின்றிக் கருணையாகாது. கட்டற்ற மென்பொருள் முழுவதையும் கருணை எனப் போற்றுவோர் தவறுமிடம் இது. ஆனால் நோக்கம் மட்டும் இருந்து உரிமம் இல்லையேல், அக்கருணை ஒருவர் ஆயுளோடு முடியும். இதனை ஒதுக்குவோர் தவறுமிடம் அது.

பொதுப்பொருளைப் பேணுவார் யார் என்பது இரண்டாம் தடை. இது கூரியது. 2014இல் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் திறமூல நிரலில் பெரும்பிழை ஒன்று வெளிப்பட்டது. உலகின் வங்கிகளும் வணிகங்களும் தம் மறைச்செய்திகளைக் காக்க நம்பியிருந்த அந்நிரலை, அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே, போதிய ஊதியமின்றிப் பேணி வந்தனர் என்பதும் அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. நமக்கு இஃது அறியாத கதையா? வக்ஃபு நிலம் இருக்கும், முத்தவல்லி இருக்கமாட்டார். முத்தவல்லி இருப்பார், கணக்கு இருக்காது. அறம் செய்வோர்க்குப் புகழும், பேணுவோர்க்குப் பசியும் என்றிருக்கும் வரை எந்த வக்ஃபும் இடியும். பேணுவோர்க்கு ஊதியம் அளித்தல் அறத்தின் பகுதியே. பொது உரிமமும் உழைப்புக்குக் கூலி பெறுவதைத் தடுக்கவில்லை, மென்பொருளை விலைக்கு விற்பதையும் தடுக்கவில்லை, பூட்டுவதையே தடுக்கின்றது.

நம் அலமாரிகள்

இவற்றையெல்லாம் ஓர் இலக்கிய இதழில் எழுதுவது ஏன்? நம் இலக்கியமே இன்று மானின் நிலையில் உள்ளது என்பதனால்.

யான் ஓதிய மதரசாவில் கிதாபுகளின் முதல் ஏட்டில் 'வக்ஃபு லில்லாஹ்' என்று எழுதப்பட்டிருக்கும். ஒரே கிதாபை எனக்கு முன் பல தலைமுறையினர் ஓதியிருந்தனர். நடுவே மூலமாகிய மத்ன். அதனைச் சூழ ஷர்ஹு என்னும் விரிவுரை. ஓரங்களில் ஹாஷியா என்னும் குறிப்புரை. அதற்கும் வெளியே எங்களுக்கு முன் ஓதியவர் கூரிய பேனாவால் எழுதிய ஐயங்களும் விடைகளும். எவர் சேர்த்தது எது என்பது தெளிவாக இருக்கும்; மூலம் எவராலும் மறைக்கப்படாது. ஓதி முடித்தவர்க்கு ஆசிரியர் தருவது 'இஜாஸா'. அச்சொல்லுக்குப் பொருள் இசைவு, உரிமம். பெற்றதைச் சிதைக்காமல், பெற்ற வழியை மறைக்காமல், பிறர்க்கு வழங்குக என்னும் உரிமம். இன்று கணிப்பொறி வல்லுநர் ஒரு நிரலை நூறு பேர் சேர்ந்து திருத்தி, யார் எதைத் திருத்தினார் எனப் பதிந்து வைக்கும் முறையை வியப்போடு விளக்கும்போது, எனக்கு அந்தக் கிதாபின் ஓரங்களே நினைவுக்கு வருகின்றன.

சீறாப்புராணம் நமக்கு எட்டிய வரலாறும் அத்தகையதே. காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1842இல் அச்சேற்றியிராவிடில், அக்காப்பியம் ஏடு வைத்திருந்த சில வீடுகளின் சொத்தாகவே கரையானுக்கு இரையாகியிருக்கும். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. உலகெங்கும் பரவிய தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினர். அவற்றுள் சீறாப்புராணமும் ஒன்று. உழைத்தோர் பெயர்கள் முகப்பிலேயே இருக்கும். அதுவும் ஒருவகை இஸ்னாது. ஈழத்தில் 2005இல் தோன்றிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தமிழ் ஏடுகளையும் இதழ்களையும், அவற்றோடு அந்நாட்டு முஸ்லிம்களின் ஆக்கங்களையும் திறந்து வைத்துள்ளது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மக்கள், ஒரே படியாக இருக்கும் நூல் பாதி அழிந்த நூல் என்பதைச் சாம்பலிலிருந்து கற்றனர்.

நாம் கற்றோமா? நாகூர் முதல் காயல் வரை நம் கரையோர வீடுகளின் அலமாரிகளில் அறபுத் தமிழ் ஏடுகள் எத்தனையோ உறங்குகின்றன. தமிழ் ஒலிகளைக் குறிக்க அறபெழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து நம் முன்னோர் ஆக்கிய அரிய எழுத்துமுறை அது. பெண்கள் மார்க்கம் கற்றதும், கப்பலில் சென்றோர் மடல் எழுதியதும் அவ்வெழுத்தில். இன்று அதனைத் தங்குதடையின்றி ஓதுவோர் அருகி வருகின்றனர். அலமாரியின் சாவி பாரிசிலோ வளைகுடாவிலோ இருக்கும். படம் எடுத்துக்கொள்ளலாமா எனக் கேட்டால், முன்னோர் சொத்து, வெளியில் தருவதற்கில்லை என்பது விடை. கந்தூரிச் சோற்றை ஊருக்கெல்லாம் அள்ளி வழங்கும் கைகள், எழுத்தை வழங்குங்கால் மூடிக்கொள்கின்றன.

பிறரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. என் உஸ்தாது அவர்கள் அறபுத் தமிழில் தம் கைப்பட எழுதிய விளக்கவுரை ஒன்றை ஓதல் முடித்த நாளில் என்னிடம் அளித்தார்கள். நாற்பது ஏடுகள். இளைஞர் ஒருவர் பன்முறை வந்து அதனைப் படம்பிடிக்க வேண்டினார். தம் பெயரில் வெளியிட்டுவிடுவாரோ என்னும் ஐயத்தால் மறுத்தேன். பேணுதல் எனப் பெயரிட்டு மறுத்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இரவில் கூரை ஓடுகள் பறந்தன. பெட்டிக்குள் மழைநீர் புகுந்ததை மறுநாள் நண்பகலில்தான் கண்டேன். ஏடுகளிற் பாதி ஒரே கட்டியாக ஒட்டி, மசி நீலக் கறையாகப் பரவியிருந்தது. எஞ்சிய பாதியை எடுத்துக்கொண்டு அவ்விளைஞர் வீட்டுக்கு யானே நடந்து சென்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, ஏடு ஏடாகப் படம்பிடித்தார். உஸ்தாது எனக்கு அளித்தது இஜாஸா. யான் அதனைப் பூட்டாக மாற்றினேன். அழிந்த பாதிக்கு மறுமையில் யான் விடை கூறியாக வேண்டும்.

ஆதலின் நம் சமுதாயத்தின்முன் சிறியதொரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஏடு வைத்திருப்போர் ஏட்டைத் தர வேண்டா. அதன் நிழற்படத்தைத் தருக. வேடன் உரிமையை அண்ணலார் பறிக்கவில்லை, நாமும் பறிக்கவில்லை. தரும்போது வாய்ச்சொல்லோடு நில்லாது, எவரும் படிக்கலாம், படி எடுக்கலாம், குறிப்புரை சேர்க்கலாம், எவரும் பூட்டலாகாது என எழுதிக் கையொப்பமிட்டுத் தருக. அதுவே வக்ஃபுப் பத்திரம். படம்பிடித்தல், தட்டச்சிடுதல், அறபுத் தமிழ் எழுத்துகளுக்கு எழுத்துரு ஆக்குதல் ஆகிய பணிகளுக்கு நம் இளைஞருட் சிலரை அமர்த்தி, ஜமாஅத்துகள் ஊதியம் அளிப்பனவாக. அச்சிட்ட எழுத்தைக் கணிப்பொறி தானே படித்தறியும் 'டெசராக்ட்' போன்ற திறமூலக் கருவிகள் இன்று தமிழையும் படிக்கின்றன. நம் பழம்பதிப்புகளைப் படிக்க அவற்றைப் பழக்குதல் இயலாததன்று. முத்தவல்லி இன்றி வக்ஃபு நில்லாது என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.

மனிதன் மறைந்த பின்னும் அவன் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும் நன்மைகளைக் கூறும் நபிமொழி நாம் அனைவரும் அறிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் தர்மமும் பயன் தரும் கல்வியும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. கொழும்பு இளைஞரின் பதிவேட்டிலும் மதுரைத் திட்டத்தாரின் தட்டச்சிலும் அவ்விரண்டும் ஒன்றே ஆகிவிட்டன. நம் அலமாரிகளிலும் அவை ஒன்றாதல் கூடும். கன்று பசித்திருக்கின்றது. மானுக்குப் பிணை நிற்கும் துணிவை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக.